ஏழு கிலோவுக்குள் அடங்கும் பை: டிராலியா, முதுகுப்பையா, டஃபலா?

பினாங்கிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ திருச்சி, சென்னை, சிங்கப்பூர் என்று போய்வருகிறவர்களில் பலர் இப்போது டிக்கெட் எடுக்கும்போது பெட்டிக்குத் தனியாகப் பணம் கட்டுவதில்லை. நாலு நாள் கல்யாணத்துக்கு இருபது கிலோ எதற்கு? இறங்கிய பிறகு பெட்டி வரும் வரை பெல்ட் முன்னால் கால் கடுக்க நிற்பதும் மிச்சம். சரி, கையில் ஒரே பையோடு போவது என்று முடிவாகிவிட்டது. எந்தப் பை என்பதில்தான் குழப்பம். நாலு சக்கர டிராலி, இரண்டு சக்கரத் துணி டிராலி, சூட்கேஸ் மாதிரி விரியும் முதுகுப்பை, தோளில் மாட்டும் டஃபல் என்று கடையில் வரிசையாக நிற்கின்றன. விலையும் நூறு ரிங்கிட்டுக்குள் தொடங்கி எங்கேயோ போகிறது.

கடைக்காரர் முதலில் லிட்டரைச் சொல்வார், அப்புறம் கேரண்டியைச் சொல்வார், அப்புறம் நாலு நிறங்களை எடுத்துப் போடுவார். நான் கேட்பது காலிப் பையின் எடையை. பல கடைகளில் அது யாருக்கும் தெரியாது. தொங்கும் அட்டையிலும் இருக்காது. ஆனால் நம் ஊரிலிருந்து மலிவு விமானத்தில் பறப்பவருக்கு மற்ற எல்லாக் கேள்விக்கும் முன்னால் நிற்பது அந்த எண்தான்.

7 கிலோவில் பைக்கு எவ்வளவு?

விதியை முதலில் பார்த்துவிடலாம். ஏர் ஏசியாவில் இரண்டு உருப்படி எடுத்துப்போகலாம்: 56×36×23 செ.மீ.க்குள் ஒரு பை, 40×30×10 செ.மீ.க்குள் ஒரு சிறிய பை. இரண்டும் சேர்ந்து 7 கிலோ. மலேசியா ஏர்லைன்ஸ் எகானமி வகுப்பிலும் பெரிய பைக்கு அதே 56×36×23, அதே 7 கிலோ. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நீள அகல உயரத்தைக் கூட்டி 115 செ.மீ. என்கிறது. மேலே சொன்ன மூன்று எண்களைக் கூட்டிப் பாருங்கள், அதே 115 வரும். இண்டிகோவிலும் கூட்டினால் 115, எடை 7 கிலோ. மடிக்கணினிப் பைக்கோ கைப்பைக்கோ தனியாக 3 கிலோ உண்டு. ஸ்கூட் கொஞ்சம் தாராளம், இரண்டு உருப்படியும் சேர்த்து 10 கிலோ. விதிகள் மாறுகிறவை, டிக்கெட் எடுக்கும் அன்றைக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் நம் வட்டாரத்தில் 56, 36, 23, 7 என்ற நாலு எண்களையும் மனதில் வைத்துப் பை வாங்கினால் பெரும்பாலும் பிசகு வராது.

56×36×23 என்பது கணக்குப்படி சுமார் 46 லிட்டர். அவ்வளவு இடத்திலும் துணியை அடைத்தால் 7 கிலோவைத் தாராளமாகத் தாண்டும். அதாவது நமக்கு இடத்துக்குப் பஞ்சம் வருவதற்கு முன்பே எடைக்குப் பஞ்சம் வந்துவிடும். அப்படியிருக்க, “இது 42 லிட்டர், அது 38 லிட்டர்தான்” என்று கடையில் நின்று வாதாடுவதில் அர்த்தமில்லை.

ஜார்ஜ்டவுனில் ஒரு பைக்கடையில் நடந்தது இது. கடையில் இருந்த அண்ணன் பளபளவென்று ஒரு நாலு சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தார். “ஒரு விரல்ல தள்ளலாம்மா, லைட் வெயிட்டு” என்றார்.

“அண்ணே, பக்கத்து மளிகைக் கடையில தராசு இருக்கே. கொஞ்சம் வச்சுப் பாத்துடலாமா?”

சிரித்தபடியே எடுத்துக்கொண்டு வந்தார். அரிசி நிறுக்கும் தராசு 3.1 காட்டியது. “இது வீலோட சேத்தும்மா” என்றார். வீலைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டா விமானம் ஏறப்போகிறேன்! நல்ல மனிதர், அவரே சிரித்துவிட்டார். கேபின் அளவில் நாலு சக்கரக் கெட்டிப் பெட்டிகள் பெரும்பாலும் இரண்டரைக் கிலோவிலிருந்து மூன்று கிலோ வரை இருக்கும். இரண்டு கிலோவுக்குக் கீழேயும் இருக்கின்றன, அவை விலை கூடியவை.

இப்போது ஒரு கணக்கு. ஐந்து நாள் திருச்சிப் பயணம், நடுவில் ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். பட்டுப்புடவை ஒன்று 800 கிராம். ரவிக்கையும் உள்பாவாடையும் 350. பருத்திச் சுடிதார் மூன்று செட், செட்டுக்கு 400 என்றால் 1,200. உள்ளாடைகளும் மெல்லிய துண்டும் 500. கல்யாணத்துக்குப் போட ஒரு செருப்பு 400. சோப்பு, பேஸ்ட், எண்ணெய், மருந்து எல்லாம் 500. சார்ஜரும் பவர் பேங்கும் 500. கூட்டினால் நாலேகால் கிலோ. இதை 2.8 கிலோ டிராலியில் வைத்தால் 7.05. கைப்பையை இன்னும் சேர்க்கவே இல்லை, அதற்குள் வரம்பு தாண்டியாகிவிட்டது. அதே துணிமணியை 1.2 கிலோ முதுகுப்பையில் வைத்தால் 5.45. ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கையில் இருக்கிறது. அத்தைக்கு மைலோ பாக்கெட்டும் பிள்ளைகளுக்குத் தாம்புன் பிஸ்கட்டும் அந்த ஒன்றரைக் கிலோவில்தான் போகின்றன. ஆண்களுக்குக் கணக்கு இன்னும் எளிது. ஜீன்ஸ் ஒன்றுதான் 600, 700 கிராம் தின்னும். அதைப் போட்டுக்கொண்டே ஏறிவிட்டால் வேட்டி சட்டைகள் பெரிய பாரமில்லை.

மடிக்கணினி எடுத்துப்போகிறவர் கதை வேறு. கணினியும் சார்ஜரும் சேர்ந்து ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போய்விடும். அவருக்கு மூன்று கிலோப் பெட்டி கட்டுபடியே ஆகாது.

நாலு சக்கரம்

இதன் அருமை கே.எல்.ஐ.ஏ. இரண்டாம் முனையத்தில் தெரியும். ரயிலிலிருந்து இறங்கிக் கடைத்தொகுதியைக் கடந்து, பாதுகாப்புச் சோதனை, குடிநுழைவு எல்லாம் முடித்து, அந்த நீண்ட மேம்பாலத்தில் ஏறி வாயிலுக்குப் போவதற்குள் ஒரு நடைப்பயிற்சியே முடிந்துவிடும். அந்த வழவழப்பான தரையில் நாலு சக்கரப் பெட்டி கூடவே நடந்துவருகிற பிள்ளை மாதிரி வரும். தோளில் பாரமில்லை, முதுகில் வியர்வையில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இதைவிட வசதி வேறில்லை. என் வீட்டுப் பெரியவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், கூடவே பெட்டிக்குப் பணமும் கட்டிவிடச் சொல்வேன். அப்போது ஏழு கிலோ கவலையே இல்லை.

தொல்லை விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் ஆரம்பிக்கிறது. கே.எல். சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நடந்து பாருங்கள். பார்வையற்றோர் நடப்பதற்காகப் பதித்த வரிக்கல் நடைபாதை நெடுக ஓடுகிறது. சின்னச் சக்கரங்கள் அதன் மேல் ஏறினால் கடகடவென்று தெருவே திரும்பிப் பார்க்கும். ஜார்ஜ்டவுனில் இன்னும் மோசம். பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் ஒரு கடையின் தரை ஒரு மட்டம், அடுத்த கடையின் தரை வேறு மட்டம். நடுவில் ஒரு படி, அதற்கடுத்து நிறுத்திய மோட்டார் சைக்கிள், அதற்கடுத்து பூக்கடை மேசை. கடைசியில் சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். சாலையோரத்தில் லோங்காங் எனும் சாக்கடை மேல் போட்ட இரும்புச் சட்டத்தின் இடைவெளியில் சக்கரம் சிக்கினால் முதலில் வளைவது சக்கரத்தின் அச்சு.

இன்னொன்று, ரயிலில் இந்தப் பெட்டி நிற்காது. எம்.ஆர்.டி. பிரேக் போட்டதும் தானாக உருண்டு நாலு பேர் தாண்டி ஒரு பெரியவர் காலில் போய் நிற்கும். பூட்டு வைத்த சக்கரங்கள் உண்டு, ஆனால் விலை கூடும்.

அளவிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. “20 இன்ச்” என்று ஒட்டியிருப்பது பல பெட்டிகளில் உடம்பின் அளவு மட்டும்தான். 20 அங்குலம் என்றால் 51 செ.மீ.கூட இல்லை; சக்கரத்தையும் மேல்பிடியையும் சேர்த்தால் 55, 56 வரும். 22 இன்ச் என்று விற்கும் பெட்டியை அப்படி அளந்தால் 56-ஐத் தாண்டிவிடலாம். விமான நிறுவனம் அளப்பது சக்கரம், பிடி எல்லாம் சேர்த்து. “கேபின் சைஸ்” என்ற அட்டையை நம்பாமல் ஒரு தையல் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். ஜிப்பைத் திறந்தால் விரியும் வசதி இருந்தால், விரித்த நிலையில் தடிப்பு 23 செ.மீ.க்குள் இருக்கப்போவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கெட்டிப் பெட்டிதான் வேண்டும் என்றால் பாலிகார்பனேட் பார்த்து வாங்குங்கள். அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வரும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் விறைப்பானது, விலை குறைவு, அடி பட்டால் விரிசல் விடும். திரும்பி வரும்போது முறுக்கு நொறுங்காமல் வர வேண்டும் என்றால் கெட்டிப் பெட்டியை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டு சக்கரம்

பெட்டிக்குச் சக்கரம் வந்ததே நேற்று முந்தாநாள் கதைதான். பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர் படுக்கைவசச் சூட்கேஸுக்கு நாலு சக்கரம் வைத்து வார் கட்டி இழுக்கும் யோசனைக்கு 1972-இல் காப்புரிமை வாங்கினார். அது அடிக்கடி கவிழ்ந்தது. ராபர்ட் பிளாத் என்ற விமானி 1987-இல் பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு சக்கரமும் நீளக் கைப்பிடியும் வைத்தார். விமானிகளும் பணிப்பெண்களும் அதை இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்துத்தான் பயணிகள் கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்தப் பழைய இரண்டு சக்கர வடிவம் இப்போது கடைகளில் மூலையில் கிடக்கிறது, எனக்கு அது வருத்தம். அதன் சக்கரங்கள் பெரியவை, பாதி உடம்புக்குள் புதைந்தவை. ஓடு பெயர்ந்த நடைபாதையிலும் சரளையிலும் இழுத்துக்கொண்டு போகலாம். ரயிலில் தானாக ஓடாது. சக்கரம் வெளியே துருத்தாததால் 56 செ.மீ.யில் கொஞ்சம் கூடுதல் உயரம் துணிக்குக் கிடைக்கும். துணியால் ஆனதென்றால் இரண்டு கிலோவை ஒட்டிக் கிடைப்பதும் உண்டு. வெளியே இரண்டு பாக்கெட் இருக்கும். நாலு சக்கரக் கெட்டிப் பெட்டியில் ஒரு பேனா எடுக்க வேண்டுமென்றாலும் வரிசையில் நின்றபடி பெட்டியைப் படுக்கப்போட்டுத் திறக்க வேண்டும்.

குறை என்றால், எப்போதும் சாய்த்து இழுக்க வேண்டும், மணிக்கட்டு வலிக்கும். உள்ளே பார்த்தால் கைப்பிடியின் இரண்டு குழாய்களும் முதுகுப்பக்கம் மேடு மாதிரி நிற்கும். அந்த மேட்டுக்கு நடுவே உள்ளாடைகளையும் காலுறைகளையும் நிரப்பிச் சமன் செய்துவிட்டு அதற்கு மேல் புடவையை வைக்க வேண்டும். இல்லையென்றால் குழாயின் தடம் புடவையில் விழும்.

படிக்கட்டு அதிகமாக ஏறாதவர், முதுகில் சுமக்க முடியாதவர், ஆனால் 7 கிலோவுக்குள் இருக்க வேண்டியவர் என்றால் இதுதான் பொருத்தம்.

முதுகுப்பை

பள்ளிக்கூடப் பை மாதிரி மேல்பக்கம் மட்டும் திறக்கும் பையைச் சொல்லவில்லை. மூன்று பக்கமும் ஜிப் ஓடி, சூட்கேஸ் மாதிரி மல்லாக்கத் திறக்கும் பயண முதுகுப்பைகள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. 35-இலிருந்து 40 லிட்டர், எடை ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ. டெக்காத்லானின் ஃபோர்க்ளாஸ் டிராவல் வரிசையில் 40 லிட்டர் பை ஒன்று இருக்கிறது. கை கடிக்காத விலை. ஆஸ்ப்ரே ஃபார்பாயிண்ட் 40 ஒன்றரைக் கிலோவை ஒட்டிய எடை, விலை பல மடங்கு. அதையே பெண்கள் உடல்வாகுக்கு ஏற்ப ஃபேர்வியூ என்ற பெயரில் செய்கிறார்கள். குள்ளமானவர்கள் இந்த விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முதுகின் நீளத்துக்குப் பை பொருந்தாவிட்டால் இடுப்புப் பட்டி இடுப்பில் உட்காராமல் தொடையில் தட்டும், பாரம் முழுவதும் தோளில் இறங்கும். கடையில் காலிப் பையை மாட்டிக் கண்ணாடியில் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. ஐந்தாறு கிலோ எதையாவது உள்ளே போட்டு, கடைக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்து பாருங்கள். நல்ல கடையில் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

நான் இந்த வகையின் பக்கம்தான். காரணம், நம் பயணம் விமானத்தோடு முடிவதில்லை. கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, பினாங்கு சென்ட்ரல் வழியாக ஃபெர்ரி துறைக்கு நடந்து, அக்கரையில் இறங்கி பஸ் பிடித்து, லிட்டில் இந்தியாவில் மாடி அறைக்கு மரப்படி ஏறுவதை நினைத்துப் பாருங்கள். திருச்சியில் இறங்கினால் டவுன் பஸ்ஸின் உயரமான படி, ஷேர் ஆட்டோவின் பின்சீட்டு. இரண்டு கையும் காலியாக இருப்பது இங்கெல்லாம் பெரிய விஷயம். ஒரு கையில் குடை, ஒரு கையில் குழந்தை என்று இருப்பவருக்குச் சொல்லவே வேண்டாம். வாயிலில் நிற்கும் ஊழியர்கள் சக்கரப் பெட்டியைக் கண்டால் தராசுக்கு அழைக்கிற அளவுக்கு முதுகுப்பைக்காரரை அழைப்பதில்லை என்று பலர் சொல்வார்கள். அதை நம்பி எட்டரைக் கிலோ ஏற்றாதீர்கள். தராசு எல்லாருக்கும் ஒன்றுதான், வாயிலில் கட்டும் பணம் முன்கூட்டியே கட்டுவதைவிடப் பல மடங்கு.

சுபாங்கிலிருந்து பினாங்குக்கு ஃபயர்ஃபிளையின் ஏடிஆர் விமானத்தில் போகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தச் சிறிய விமானத்தில் தலைக்கு மேலுள்ள பெட்டி ஆழம் குறைவு. கெட்டிப் பெட்டியை எப்படித் திருப்பினாலும் மூடி மூடாது. பாதி காலியான துணிப்பை அமுங்கிக்கொடுக்கும்.

வியர்வை மட்டும்தான் இதன் நிஜமான குறை. பினாங்கு வெயிலில் பத்து நிமிடம் இதை மாட்டி நடந்தால் சட்டை முதுகில் ஒட்டிவிடும். வலை வைத்த முதுகு, காற்றோட்டம் என்று விளம்பரம் செய்கிறார்கள். நம் ஈரக்காற்றில் அதெல்லாம் கொஞ்சம்தான் உதவும். நேராக அலுவலகக் கூட்டத்துக்குப் போகிறவர் கைப்பிடியைப் பிடித்துப் பெட்டி மாதிரித் தூக்கிக்கொண்டு போகலாம். அதற்காகவே பக்கவாட்டிலும் ஒரு கைப்பிடி இருக்கிற பையாகப் பார்க்க வேண்டும். தோள்பட்டிகளை உள்ளே மறைத்து ஜிப் போட முடிந்தால் இன்னும் நல்லது. அலுவலகம், ஊர், கல்யாணம், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை என்று எல்லாவற்றுக்கும் ஒரே பை வேண்டும் என்பவர்களுக்கு இந்த இரண்டும் முக்கியம்.

பட்டுப்புடவையை முதுகுப்பையில் வைப்பதா என்று அம்மாக்கள் பதறுவார்கள். வைக்கலாம். பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றி, நடுவில் ஒரு அட்டை வைத்து, மற்ற எல்லாம் அடுக்கிய பிறகு கடைசியாக, தட்டையாக வைக்க வேண்டும். மேலே எதையும் அழுத்தக்கூடாது. போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக எடுத்து விரித்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஜரிகையை மடித்த மடிப்பிலேயே நாள்கணக்கில் விட்டால்தான் ஆபத்து, அது பீரோவிலும் ஆபத்துதான்.

டஃபல், அப்புறம் இரண்டும் கெட்டான்

டஃபலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ, எல்லாவற்றிலும் லேசு, எல்லாவற்றிலும் மலிவு. காரில் ஈப்போ போய்வர, ரயிலில் மேல்தட்டில் தூக்கிப்போட அருமையானது. விமான நிலையத்தில் பையின் அளவு பார்க்கும் கூட்டில் போட்டால் எப்படியும் அமுங்கி அடங்கும். ஆனால் ஏழு கிலோவை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு இரண்டாம் முனையத்தின் நீளத்தை நடந்தால் மறுநாள் கழுத்து திரும்பாது. இளவட்டங்கள் ஜிம் பையையே எடுத்துக்கொண்டு போகிறார்கள், அவர்கள் கழுத்து அவர்கள் பாடு.

முதுகுப்பைக்குச் சக்கரமும் வைத்த வகையை விட்டுவிடுங்கள். சக்கரம், குழாய், தோள்பட்டி எல்லாவற்றின் எடையும் அதில் உண்டு. முதுகில் மாட்டினால் குழாய் உறுத்தும், இழுத்தால் தோள்பட்டி தரையில் புரளும்.

கூட வரும் சிறிய பை

பெரிய பையைத் தேடுகிற அவசரத்தில் இதை யாரும் யோசிப்பதில்லை. 40×30×10 என்ற அந்த அளவுக்குள் 12 லிட்டர் அடங்கும், நல்ல இடம்தான். கடவுச்சீட்டு, பணம், கண்ணாடி, தினசரி மருந்து, பவர் பேங்க் எல்லாம் இதில்தான் இருக்க வேண்டும். பவர் பேங்க் விஷயம் முக்கியம். அது எப்போதும் கையோடு வர வேண்டிய பொருள், சரக்கறைக்குப் போகக்கூடாது. விமானம் நிறைந்து, “உங்கள் பையைக் கீழே அனுப்புகிறோம்” என்று வாயிலில் சொல்லிவிட்டால், எல்லார் முன்னாலும் பையைத் திறந்து புடவைக்கு அடியில் துழாவ வேண்டியிருக்காது. 2025 ஏப்ரலிலிருந்து மலேசிய விமானங்களில் பவர் பேங்கைத் தலைக்கு மேலுள்ள பெட்டியிலும் வைக்க விடுவதில்லை, பறக்கும்போது அதில் சார்ஜ் போடவும் விடுவதில்லை. 100 வாட் மணி வரைதான் தனி அனுமதி இல்லாமல் எடுத்துப்போகலாம். பலரிடம் இருக்கும் 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட் மணி, அதனால் பயமில்லை.

வெளிநாட்டுப் பயணத்தில் திரவம் எதுவானாலும் புட்டிக்கு 100 மில்லி, எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கண்ணாடிப் பைக்குள் (உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பை). ஊறுகாயும் சம்பாலும் திரவக் கணக்கில்தான் சேரும் என்று சொன்னால் பாட்டிமார் நம்ப மாட்டார்கள். சோதனை மேசையில் புட்டியைப் பிடுங்கும்போது நம்புவார்கள். தலைக்கு எண்ணெய், முகத்துக்கு கிரீம் எல்லாவற்றையும் அந்தக் கண்ணாடிப் பையில் போட்டு, பெரிய பையின் மேல் பாக்கெட்டில் வைப்பதே வசதி. சட்டென்று எடுக்க முடியாத இடத்தில் திரவப் பையை வைக்கச் சொல்லும் வடிவம் எதுவானாலும் வாங்க வேண்டாம்.

இந்திய விமான நிலையங்களில் ஒருவர் கையில் ஒரே பை என்ற விதியைக் கொஞ்சம் கண்டிப்பாகவே பார்க்கிறார்கள். மடிக்கணினிப் பை, பெண்களின் கைப்பை போன்றவற்றுக்குத்தான் விலக்கு. சிறிய பை அப்படிப்பட்ட ஒன்றாகத் தெரிகிற மாதிரி இருந்தால் பேச்சு வளராது. முருகன் படம் போட்ட துணிப்பையில் இனிப்புப் பெட்டி இரண்டையும் மூன்றாவதாக மாட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

துணி, ஜிப், நம் ஊர் ஈரம்

பையின் அட்டையில் 420டி, 600டி, 1000டி என்று போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதே அந்த எண். எண் கூடினால் நூல் தடிப்பு, பையும் கனம். வெறும் எண்ணை மட்டும் பார்த்தும் பயனில்லை, 420டி நைலான் பெரும்பாலும் 600டி பாலியெஸ்டருக்குச் சளைத்ததில்லை. கையில் எடுத்துப்போகிற பைக்கு 1000டி தேவையில்லாத பாரம்.

ஜிப்பைச் சோதிக்க ஒரு வழி. பையைப் பாதி நிரப்பி, ஒரே கையால், மூலை வளைவில் வேகமாக இழுத்துப் பாருங்கள். வளைவில் திக்கினால் வைத்துவிட்டு வந்துவிடலாம். ஒய்.கே.கே. என்ற ஜிப் நிறுவனத்தின் பெயர் பொறித்திருந்தால் நல்லது. சில பைகளில் வெளி ஜிப் மட்டும் ஒய்.கே.கே., உள்ளே வேறு ஏதோ. மழைக்கு எந்த ஜிப்பும் முழுக்கத் தாங்காது. நம் ஊர் மாலை மழையில் மாட்டிக்கொண்டால் தண்ணீர் முதலில் இறங்குவது ஜிப் வழியாகத்தான். உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் துணியை அடுக்கினால் தனி மழையுறை வாங்க வேண்டாம்.

இணையத்தில் வாங்குகிறவர்கள் எடையைக் கேட்டு விற்பவருக்குச் செய்தி அனுப்புங்கள். “லைட்” என்று பதில் வந்தால் மறுபடி கேளுங்கள். கிராமில் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள். கொக்கியில் தொங்கவிட்டு நிறுக்கும் கையடக்கத் தராசு ஒன்று சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும், பை வந்ததும் தொங்கும் அட்டையைப் பிரிக்காமலே அதில் மாட்டி நிறுத்துப் பார்த்துவிடலாம்.

பட்ஜெட் இருநூறு முந்நூறு ரிங்கிட்தான் என்றால் என் தேர்வு 1.2 கிலோவுக்குள் இருக்கும் 35 லிட்டர் முதுகுப்பை. முதுகு ஒத்துழைக்காதவருக்கு இரண்டு கிலோவை ஒட்டிய இரண்டு சக்கரத் துணி டிராலி. மூன்று கிலோ நாலு சக்கரத்தைப் பெட்டிக்குப் பணம் கட்டுகிறவர் வாங்கட்டும். ஐந்நூறு ரிங்கிட்டுக்கு மேல் போகிற முதுகுப்பைகளில் தையலும் தோள்பட்டியும் கண்டிப்பாக நன்றாயிருக்கும். வருஷத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போகிறவருக்கு அந்த வித்தியாசம் காசுக்கு ஈடாகுமா என்றால், ஆகாது என்றே நினைக்கிறேன். மாதாமாதம் வேலைக்காகப் பறக்கிறவர் தாராளமாக வாங்கலாம்.

எந்த விலையில் வாங்கினாலும் அதைக் கெடுப்பது பயணத்தைவிட நம் வீட்டு அலமாரிதான். பைகளின் உட்புறத்தில் தண்ணீர் புகாமலிருக்கப் பூசும் பாலியூரித்தேன் பூச்சை ஈரக்காற்று மெல்ல மெல்ல உடைக்கும். சில வருஷம் எடுக்காமல் வைத்த பையைத் திறந்தால் உள்ளே பிசுபிசுவென்று ஒட்டி, வெள்ளையாக உரிந்து துணியெல்லாம் தூளாகும். டிராலியின் மெத்தென்ற சக்கரங்கள் சிலவும் இதே மாதிரி, உருட்டாமலே பொடிந்துபோகும். போலித்தோல் பைகள் எல்லாவற்றுக்கும் முன்னால் உரியும், அதனால் பயணத்துக்கு அவற்றை வாங்கவே வேண்டாம். பயணம் முடிந்து வந்ததும் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் நன்றாகக் காயவிட்டு, ஜிப்பைத் திறந்தபடி, பிளாஸ்டிக் உறை போடாமல் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப்போடாமல் இரண்டை உள்ளே போட்டு வைக்கலாம்.